நிறத்தின் பெயரும் நோயின் பெயரும்: குழந்தைகளின் குருதிக் கோளாறுகள் குறித்து ஒரு மொழிநோக்கு

மொழியியலைத் தொழிலாகக் கொண்ட நாம் மருத்துவத்தைப் பற்றிப் பேச முன்வருவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நோயைக் கண்டறிவது மருத்துவரின் பணி. அதில் நாம் தலையிடுவதற்கில்லை. ஆயினும் நோயறிதல் ஆய்வுக்கூடத்தில் தொடங்குவதில்லை. தாயின் வாய்ச்சொல்லில் தொடங்குகிறது. தன் உடல்நிலையைத் தானே எடுத்துரைக்க இயலாத குழந்தைக்காகத் தாயோ பாட்டியோ ஆசிரியரோ பேசுகின்றனர். அவர்கள் கையாளும் சொல் எதைச் சுட்டுகிறது, எதை மறைக்கிறது என்பது மொழி பற்றிய வினா. அவ்வினாவையே இவ்வுரையில் எடுத்துக்கொள்கிறோம்.

நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததை முதலில் குறிப்பிடலாம். நான்கு வயதுப் பெண் குழந்தை சற்றே வெளிறியிருந்தாள். "பிள்ளைக்குச் சோகை" என்று தாய் கூறினார். சென்ற இடமெல்லாம் அச்சொல்லே முன் சென்றது. ஏறத்தாழ ஓராண்டு இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் மாற்றமில்லை. அதன் பின்னரே வேறொரு பரிசோதனை செய்யப்பட்டது. குழந்தை தாலசீமியா மரபணுவைத் தாங்கியவள் எனத் தெரிந்தது. தொடர்ந்து பெற்றோரைச் சோதித்தபோது இருவருமே தாங்குநர் எனப் புலப்பட்டது. அவர்கள் அப்போது இரண்டாவது குழந்தையை எதிர்நோக்கியிருந்தனர். 'சோகை' என்ற சொல்லோடு நின்றிருந்தால், தங்கள் முன் இருந்த இடரை அவர்கள் அறிந்திருக்கவே மாட்டார்கள்.

நிறம் பார்க்கும் மொழி

'குருதி' என்னும் தமிழ்ச்சொல்லுக்குச் செந்நிறம் என்ற பொருளும் உண்டு. 'இரத்தம்' என்பதற்கு மூலமான வடசொல்லும் சிவந்ததையே குறிக்கும். குருதியை நிறத்தால் அறிந்த மக்கள், குருதி நோய்களையும் நிறத்தால் அறிந்தனர். வெளிறினால் சோகை அல்லது பாண்டு, மஞ்சளித்தால் காமாலை, தோல் கன்றி நீலம் பாரித்தால் இரத்தக்கட்டு. இவை பழுதற்ற சொற்கள். கூர்ந்த நோக்கினால் பிறந்தவை. ஆனால் இவை குறிப்பன அறிகுறிகளை, காரணங்களை அல்ல. அறிகுறியின் பெயரை நோயின் பெயராகக் கொள்ளும்போதுதான் இடர்ப்பாடு நேர்கிறது. இம்மூன்று சொற்களையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

சோகை: ஒரு சொல், பல காரணங்கள்

சிவப்பணுக்களுள் இருக்கும் ஹீமோகுளோபின் குறைந்தால் குழந்தை வெளிறும், சோர்வடையும். குறைவதற்குப் பொதுவான காரணம் இரும்புச்சத்துப் பற்றாக்குறை. எனவே சோகை என்றதும் முருங்கைக் கீரையும் பேரீச்சம்பழமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தாலசீமியாவில் குறைவது இரும்பு அன்று. ஹீமோகுளோபினை ஆக்கும் புரத இழைகளுள் ஒன்று மரபுவழியே குறைவாக உருவாகிறது. தாலசீமியா என்னும் பெயர் கடல், குருதி எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களால் ஆனது. 1925இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தாமஸ் கூலி என்னும் குழந்தை மருத்துவர் இந்நோயை விளக்கியபோது, நோயுற்ற குழந்தைகள் மத்தியதரைக் கடல் நாட்டவரின் வழியினராக இருந்தனர். அதனால் அமைந்த பெயர் இது. இந்நோய் அக்கடற்கரையோடு நிற்பதன்று. தென்கிழக்காசியாவிலும் இந்தியாவிலும் பரவலாக உள்ளது. பெயர் இடத்தைச் சொல்ல, நோய் எங்கும் இருக்கிறது.

கடுமையான பீட்டா தாலசீமியாவுடன் பிறக்கும் குழந்தை பிறந்தபோது நலமாகவே தோன்றும். கருவில் உருவாகும் ஹீமோகுளோபினுக்குப் பீட்டா இழை தேவையில்லை. அது குறைந்து, முதிர்ந்தோருக்குரிய ஹீமோகுளோபின் இடம்பெறத் தொடங்கும் ஆறாம் மாதத்தை ஒட்டியே நோய் வெளிப்படத் தொடங்கும். அத்தகைய குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றும் குருதியோடு வரும் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படிந்து தீங்கு செய்யும். ஆகவே ஒரு சோகைக்கு மருந்தாகும் இரும்பு, மற்றொரு சோகையில் அகற்ற வேண்டிய பொருளாகிறது.

தாங்குநரைப் பிரித்தறிவது இன்னும் நுட்பமானது. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுக்கும், எண்ணிக்கையும் குறையும். தாலசீமியாத் தாங்குநரிடமும் அணு சிறுக்கும். ஆனால் எண்ணிக்கை குறையாது, பெரும்பாலும் மிகும். இவ்வேறுபாட்டைக் கொண்டு 1973இல் மென்ட்சர் என்பவர் ஓர் எளிய கணக்கை முன்வைத்தார். அணுவின் சராசரிப் பருமனை அணுக்களின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் ஈவு 13க்குக் கீழ் இருந்தால் தாலசீமியாவை ஐயுற வேண்டும். இது ஐயத்துக்கு வழியேயன்றி முடிவன்று. ஹீமோகுளோபின் ஏ2 என்னும் வகை மிகுந்திருப்பதைக் கண்டே பீட்டா தாங்குநரை உறுதி செய்கின்றனர். இங்கும் ஒரு மறைப்பு உண்டு. அதே குழந்தைக்கு இரும்பும் குறைந்திருந்தால் ஏ2 அளவு தாழ்ந்து, இயல்பானதுபோல் தோன்றக்கூடும். ஆல்ஃபா தாலசீமியாவிலோ ஏ2 உயர்வதே இல்லை. மரபணுச் சோதனை தேவைப்படும்.

பெற்றோர் இருவரும் பீட்டா தாங்குநராயின், ஒவ்வொரு பேற்றிலும் கடுமையான நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சிங்கப்பூரில் 1992இல் தேசியத் தாலசீமியாப் பதிவகம் அமைக்கப்பட்டதும், மலேசியாவில் நான்காம் படிவ மாணவர்களிடையே பரிசோதனை மேற்கொள்ளப்படுவதும் இதன்பொருட்டே. தாங்குநர் என்பதை 'நோயாளி' என்றோ 'நோய் பரப்புபவர்' என்றோ தமிழில் பெயர்ப்பது பிழை. தாங்குநர் நலமாக வாழ்பவர். எவருக்கும் எதையும் தொற்ற வைப்பவர் அல்லர். திருமணப் பேச்சில் ஒரு பெண்ணின் வாழ்வைக் குலைக்க இத்தகைய ஒரு தவறான சொல் போதும்.

காமாலை: இயல்பும் இடரும்

பிறந்த குழந்தைகளுள் பாதிக்கும் மேற்பட்டோர் முதல் வாரத்தில் ஓரளவு மஞ்சளிப்பர். பெரும்பாலும் அது தானே மறையும். ஆகவே "எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான், காலை வெயிலில் காட்டுங்கள்" என்ற வீட்டு அறிவுரை அடிப்படையற்றதன்று. ஆனால் அது எல்லா மஞ்சளையும் ஒன்றாக்குகிறது. சிவப்பணுக்கள் பெருமளவில் சிதைந்தால் பிலிருபின் என்னும் மஞ்சட்பொருள் மிகுந்து, மூளையில் படிந்து, செவிட்டுத்தன்மையும் உறுப்பியக்கக் குறைபாடும் விளைக்கும், உயிரையும் பறிக்கும். வெயில் அதற்கு ஈடான மருத்துவம் அன்று. மாநிறக் குழந்தையின் தோலில் மஞ்சள் எளிதில் தெரிவதுமில்லை. கண்ணின் வெண்பகுதியையும் ஈறுகளையும் பார்க்க வேண்டும். ஐயமிருப்பின் அளந்தே அறிய வேண்டும்.

இத்தகைய சிதைவுக்கு இவ்வட்டாரத்தில் முக்கியமான ஒரு காரணம் ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாடு. சிவப்பணுவைக் காக்கும் நொதி இது. இதற்குரிய மரபணு எக்ஸ் நிறமியில் இருப்பதால் ஆண் குழந்தைகளிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடிக் குருதியில் இது சோதிக்கப்படுகிறது. மலேசியாவிலும் இச்சோதனை வழக்கத்தில் உள்ளது.

'குறைபாடு' என்ற சொல் இங்கு நம்மைத் தவறான வழியில் செலுத்தலாம். குறைபாடு எனில் ஊட்டி நிரப்பலாம் என்று நினைப்பது இயல்பு. இந்நொதியை எந்த உணவாலும் நிரப்ப இயலாது. தவிர்க்க வேண்டியவற்றைத் தவிர்ப்பதே காப்பு. சில மருந்துகள், ஃபாவா என்னும் அகன்ற அவரை, நாப்தலின் அந்துருண்டை ஆகியன அவற்றுள் சில. குழந்தையின் துணிகளை அந்துருண்டையிட்ட பெட்டியில் வைத்திருந்து, அப்படியே எடுத்து உடுத்தும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் உண்டு. பேறுகாலத்துக்கெனச் சேமித்த அன்பான பழந்துணியே இடராக முடியும்.

பரிசோதனையும் சில வேளை ஏமாற்றும். சிதைவு நேர்ந்தவுடன் சோதித்தால், நொதி குறைந்த முதிய அணுக்கள் அழிந்துபோயிருக்கும். எஞ்சியிருக்கும் இளைய அணுக்களில் நொதி ஓரளவு மிகுந்திருப்பதால் முடிவு இயல்பானதாக வரக்கூடும். சில மாதங்கள் கழித்து மீண்டும் சோதித்தால்தான் உண்மை விளங்கும். 'இல்லை' என்ற விடைக்கும் காலம் பார்க்க வேண்டும் என்பது இதன் பாடம்.

இரத்தக்கட்டு: எதிர்ப்பொருள் தரும் சொல்

மூன்றாவது சொல்லே மொழியியலார்க்கு மிகுந்த கவலை தருவது. அடிபட்டுத் தோல் கன்றினால் 'இரத்தம் கட்டியிருக்கிறது' என்கிறோம். குருதி உறைந்து கட்டியானாலும் 'இரத்தம் கட்டியிருக்கிறது' என்றே சொல்கிறோம். குருதி உறையாமையால் உடலெங்கும் கன்றல் தோன்றும் குழந்தையின் தாய் இவ்வாறு கூற, மொழிபெயர்ப்பவர் 'குருதி உறைந்துவிட்டது' என்று மருத்துவரிடம் பெயர்த்தால், சொல்ல வந்த பொருள் தலைகீழாகிறது. "அடி படாமலே தோலில் நீலம் படிகிறது, எளிதில் நிற்பதில்லை" என்று நிகழ்வை விரித்துரைப்பதே பாதுகாப்பு.

ஹீமோஃபீலியா என்னும் உறையாமை நோய் பெரும்பாலும் குழந்தை தவழவும் நடக்கவும் தொடங்கும் பருவத்தில் வெளிப்படும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளின் குடும்பத்தில் முன்னர் எவருக்கும் அது இருந்திராது. காரணம் தெரியாத கன்றல்களைக் கண்டவர்கள் பெற்றோர் அடித்தனரோ என்று ஐயுறுவதும் உண்டு. அவ்வையம் புறக்கணிக்கத்தக்கதன்று, ஆயினும் குருதிப் பரிசோதனையும் உடன் நிகழ வேண்டும். மூட்டுக்குள் குருதி கசிந்தால் வெளியே நிறமே தோன்றாது. குழந்தை நடக்க மறுப்பது ஒன்றே அடையாளம்.

ஒரே பெயருள் இரு நோய்களை அடைத்தது பாமரர் மட்டுமல்லர். 1947இல் புவனோஸ் ஐரிஸ் நகரில் பவ்லோவ்ஸ்கி என்னும் மருத்துவர், ஹீமோஃபீலியா நோயாளர் இருவரின் குருதியைக் கலந்தபோது அது உறைவதைக் கண்டார். இருவரிடமும் குறைந்தது ஒரே பொருளாயின் அவ்வாறு நிகழாது. 1952இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரோஸ்மேரி பிக்ஸும் அவர்தம் குழுவினரும் இரண்டாம் வகையைத் தெளிவுபடுத்தி, நோயுற்ற சிறுவனின் குடும்பப் பெயரால் 'கிறிஸ்மஸ் நோய்' என வழங்கினர். ஒன்றில் எட்டாம் உறைகாரணி இல்லை. மற்றதில் ஒன்பதாம் காரணி இல்லை. பெயர் பிரிந்த பின்னரே மருந்தும் பிரிந்தது.

எண்ணும் ஏமாற்றும். தட்டணுக்கள் குறைந்தால் இங்கு முதலில் டெங்கியை நினைப்பர், அது பொருத்தமே. காய்ச்சல் நீங்கியும் எண்ணிக்கை உயராமல், வெளிறலும் எலும்பு வலியும் தொடர்ந்தால் குருதிப் புற்றுநோயையும் நினைவில் கொள்ள வேண்டும். மாறாக, 1918இல் சுவிட்சர்லாந்தின் கிளான்ஸ்மன் விளக்கிய அரிய நோயில் தட்டணுக்களின் எண்ணிக்கை இயல்பாகவே இருக்கும்; அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளா. பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் மரபுநோய் ஆதலால், நெருங்கிய உறவுக்குள் மணம் செய்யும் குடும்பங்களில் இதன் வாய்ப்பு மிகும். "நீங்கள் இருவரும் உறவா?" என்று மருத்துவர் வினவுவது பழிப்பதற்கன்று; அவ்விடை ஒரு பரிசோதனைக்கு வழிகாட்டும்.

ஆசிரியர் செய்யத்தக்கது

நாம் பழைய சொற்களைக் கைவிடச் சொல்லவில்லை. சோகையும் காமாலையும் நம் முன்னோர் கண்கொண்டு கண்டவை. அச்சொற்கள் வினாவின் தொடக்கமாக இருக்கட்டும், விடையாக வேண்டா. வகுப்பில் எப்போதும் சோர்ந்திருக்கும் மாணவனைச் சோம்பேறி என்று அழைக்குமுன் அவன் கண்ணிமையின் உட்புறம் வெளிறியிருக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டின்பின் மூட்டு வீங்கும் பிள்ளையின் பெற்றோரிடம் பேசுங்கள். பரிசோதனைக்கான இசைவுப் படிவத்தை வீட்டுக்கு அனுப்பும்போது, அதன் பொருளைத் தமிழில் எடுத்துக் கூறுங்கள். மாணவர்களே, பாட்டியோடு மருத்துவமனைக்குச் சென்று மொழிபெயர்ப்பவர்கள் பல வீடுகளில் நீங்கள்தாம். பாட்டி சொன்ன சொல்லை மட்டும் பெயர்க்காதீர்கள். அவர் கண்டது என்ன, எப்போது தொடங்கியது, எத்தனை நாளாக உள்ளது என்பவற்றைக் கேட்டுப் பெயருங்கள்.

முதலில் குறிப்பிட்ட குடும்பத்தில் இரண்டாவது குழந்தை நலமாகப் பிறந்தது. அக்குழந்தையும் தாங்குநரே. அதன் தாய் இப்போது "சோகை" என்று சொல்வதில்லை. "தாலசீமியாத் தாங்குநர், இரும்பு மருந்து கொடுக்குமுன் சோதித்துப் பாருங்கள்" என்கிறார். நீளமான தொடர்தான்; ஆனால் கேட்பவருக்கு வேண்டியது முழுவதும் அதில் இருக்கிறது.