வளரும் முன் வலுப்படுவோம்

நம் கடைத்தெருக்களில் அடிக்கடி காணும் காட்சி இது. பல ஆண்டுகளாக நல்ல பெயரோடு நடந்து வரும் மளிகைக் கடையின் முதலாளி, பக்கத்து ஊரில் இரண்டாவது கடை திறக்கிறார். ஒரே வருடத்தில் புதுக் கடையும் தேறுவதில்லை. பழைய கடையின் கல்லாவும் காலியாகிவிடுகிறது. மொத்த வியாபாரியிடம் நிலுவை ஏறுகிறது. வியாபாரம் குறைந்ததால் வந்த நஷ்டமல்ல இது. கூடிய வியாபாரத்தைத் தாங்கும் ஏற்பாடு இல்லாததால் வந்தது.

அந்த ஏற்பாட்டை முதலில் செய்துகொண்டு, பிறகு பெருகிய நிறுவனத்துக்கு நல்ல உதாரணம், நாம் தினமும் விற்கும் அமுல்தான்.

குஜராத்தின் ஆனந்தில் 1946-ல் கெய்ரா மாவட்டப் பால் கூட்டுறவு ஒன்றியம் தொடங்கியது. திரிபுவன்தாஸ் படேல் தலைவர். 1950-ல் வர்கீஸ் குரியன் மேலாளரானார். பால் பம்பாய்க்குப் போயிற்று. குளிர்காலத்தில் எருமைகள் கூடுதலாகக் கறந்தன. பம்பாய் அவ்வளவையும் வாங்கிக்கொள்ளவில்லை. கொண்டுவந்த பாலை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் விவசாயி நம்பிக்கை இழப்பான். வாங்கினால் பால் கெடும். மேலும் கிராமங்களைச் சேர்த்தால் சிக்கலும் சேர்ந்து வளரும்.

ஆகவே மிஞ்சும் பாலுக்கு முதலில் வழி தேடினார்கள். எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கருதிய காலம் அது. எச். எம். தலாயா என்ற பொறியாளர் செய்து காட்டினார். 1955-ல் ஆனந்தில் பவுடரும் வெண்ணெயும் தயாரிக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. அதன்பின் வந்த பாலையெல்லாம் தயங்காமல் வாங்க முடிந்தது.

கிராமத்து ஏற்பாடும் கவனிக்கத்தக்கது. காலையும் மாலையும் பாலை அளப்பார்கள். கொழுப்புச் சத்தைச் சோதித்து அதற்கேற்ற விலை கொடுப்பார்கள். பணம் இழுத்தடிக்கப்படவில்லை. எந்த ஊரிலும் இதே முறை. எந்த முதலாளியும் நேரில் நின்று பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் இந்த முறையைப் பிற மாநிலங்களுக்கும் கொண்டு செல்ல முடிந்தது. 1973-ல் குஜராத்தின் மாவட்ட ஒன்றியங்கள் விற்பனைக்கென ஒரு பொது இணையம் அமைத்தன. பால் சேகரிப்பு அவரவர் மாவட்டத்தில். விற்பனை ஒரே பெயரில்.

நமக்கு ஆலை வேண்டாம். அந்த முன்யோசனை வேண்டும். பண்டிகைக்கு வாங்கிக் குவித்த சரக்கு மிஞ்சினால் எங்கே தள்ளுவது என்பதைக் கொள்முதலுக்கு முன்பே முடிவு செய்கிறோமா? எடை, விலை, கடன் வரம்பு இவற்றை எழுதி வைத்திருக்கிறோமா, அல்லது எல்லாம் நம் மனக்கணக்கிலேயே இருக்கிறதா? புதுக் கடைக்கான முதலைப் பழைய கடையின் சரக்குப் பணத்திலிருந்து உருவாமல் தனியே ஒதுக்கியிருக்கிறோமா?

ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். கல்லாவைப் பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போய் வருவோம். திரும்பி வந்ததும் சரக்கிருப்பு, ரொக்கம், கடன் பாக்கி மூன்றும் பேரேட்டோடு ஒத்துப்போனால் இரண்டாவது கடைக்குத் தாராளமாக இடம் பார்க்கலாம். ஒத்துப்போகாவிட்டால், இருக்கும் கடையிலேயே நமக்கு இன்னும் வேலை இருக்கிறது.