புளியமரப் பொந்தில் 40,000 ரூபாயா?
டரான்டுலா சிலந்தி வியாபாரம்: விலை யாருக்கு, வம்பு யாருக்கு?

ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வாசகர் ஒருவர் போன் செய்தார். அரை ஏக்கர் புளியந்தோப்பும் கொஞ்சம் பனையும் வைத்திருப்பவர்.

"சார், போன வாரம் ரெண்டு பேர் பைக்குல வந்தாங்க. உங்க புளியமரப் பொந்துல பெரிய எட்டுக்கால் பூச்சி இருக்குமே, அதைப் பிடிச்சுக் கொடுங்க, ஒண்ணுக்கு ஐந்நூறு ரூபா தர்றோம்னாங்க. எதுக்குனு கேட்டா, வெளிநாட்டுல இது நாற்பதாயிரத்துக்குப் போகுதுன்னு சொல்றாங்க. நிசமா சார்? நிசம்னா நாமளே வளர்த்து விக்கலாமா?"

இதே கேள்வியை வேறு சில வாசகர்களும் கேட்டிருக்கிறார்கள். மண்ணுளிப் பாம்புக்கு லட்சக்கணக்கில் விலை என்று கிளப்பிவிட்ட புரளியில் ஏமாந்தவர்கள் நம்மில் உண்டு. ஈமு கோழியில் போட்ட பணம் திரும்பாதவர்களும் உண்டு. அதனால், இந்தச் சிலந்தி விஷயத்தில் எது உண்மை, எது கதை என்று இந்த இதழில் விரிவாகப் பார்த்துவிடுவோம்.

நம்ம ஊர்ச் சிலந்திதான்!

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது முழுப் புரளி அல்ல. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் போன்ற நாடுகளில், நாம் நாய், கிளி வளர்ப்பதுபோல டரான்டுலா எனப்படும் பெரிய சிலந்திகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தபால்தலை சேகரிப்பதுபோல இனம் இனமாகச் சேகரிப்பவர்களும் உண்டு. அவர்கள் விரும்பித் தேடும் வகைகளில் ஒன்று, இந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையில் இல்லாத 'பொசிலோதீரியா' என்ற பேரினம்.

இதில் சுமார் 15 இனங்கள் இருக்கின்றன. எல்லாமே மரத்தில் வாழ்பவை. பழைய மரங்களின் பொந்து, உரிந்த பட்டையின் அடிப்பகுதி ஆகியவைதான் இவற்றின் வீடு. பகலில் உள்ளே பதுங்கியிருந்து, இரவில் வெளியே வந்து வண்டு, கரப்பான், அந்துப்பூச்சி போன்றவற்றைப் பிடித்துத் தின்னும்.

ராமேஸ்வரத்தில் உள்ள ஒரு அனுமார் கோயிலின் பெயரையே தாங்கிய இனம் ஒன்று உண்டு. அதை 2004-ம் ஆண்டு அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். புளி போன்ற மரங்கள் நிற்கும் தோப்புகளில் வாழும் இந்த இனம், உலக அளவில் 'மிக ஆபத்தான நிலையில்' உள்ள உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. சேலம் வட்டாரத்தில் கிடைத்த இன்னொரு இனத்தை 1899-ம் ஆண்டிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, நம் வாசகரின் தோப்பைத் தேடி ஆள் வந்ததில் ஆச்சர்யம் ஒன்றும் இல்லை.

ரயிலேறி வந்த நீலச் சிலந்தி

விலை எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் இனத்தின் கதை போதும்.

ஆந்திராவில் குண்டக்கல்லுக்குப் பக்கத்தில் கூட்டி என்ற ஊர் இருக்கிறது. அங்கே ரயில்வே மரக்கிடங்கில் பளிச்சென்ற நீல நிறச் சிலந்தி ஒன்று கிடைத்தது. ஆங்கிலேய விலங்கியலாளர் போகாக் 1899-ம் ஆண்டு அதைப் புதிய இனமாகப் பதிவு செய்தார். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் அது படவில்லை. 2001-ம் ஆண்டுதான், கூட்டியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் அதன் உண்மையான இருப்பிடம் தெரிந்தது. அந்தக் காலத்தில் வெட்டிய மரத்தோடு ரயிலேறி கூட்டிக்கு வந்திருக்கிறது என்று கணித்தார்கள். அது வாழும் காட்டின் பரப்பு 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தக் காட்டிலும் விறகுக்காகவும் மரத்துக்காகவும் வெட்டு நடக்கிறது.

காட்டு உயிரினங்களை ஏற்றுமதி செய்வதைத் தடை செய்த நாடு நம் நாடு. அப்படியிருந்தும், மறுபடி கண்டுபிடித்த சில வருடங்களுக்குள் அந்தச் சிலந்தி வெளிநாட்டு வளர்ப்பாளர்களின் பெட்டிகளில் இருந்தது. அமெரிக்காவில் ஒரு சிலந்திக்கு 500 டாலருக்கு மேல்கூட விலை சொன்னார்கள். இன்றைய மதிப்பில் 40,000 ரூபாய்க்கு மேல். பைக்கில் வந்தவர்கள் சொன்ன கணக்கு அநேகமாக இங்கிருந்து வந்ததுதான்.

ஆனால், கதையின் மீதியை அவர்கள் சொல்லவில்லை.

விலை ஏன் விழுந்தது?

டரான்டுலா ஒரே முட்டைப்பையில் நூறு குஞ்சுகளுக்கு மேல்கூடப் பொரிக்கும். சேகரிப்பாளர்களில் சிலர் நீலச் சிலந்தியை இனப்பெருக்கம் செய்தார்கள். குஞ்சு வாங்கியவர்கள் அதை வளர்த்து, அவர்களும் குஞ்சு எடுத்தார்கள். இந்த வகைச் சிலந்தி இரண்டு, மூன்று வருடத்தில் பருவத்துக்கு வந்துவிடும். பிறகென்ன? ஊரே தக்காளி போட்டால் சந்தையில் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது. 500 டாலர் சொன்ன சிலந்தியின் குஞ்சு 20 டாலரிலிருந்து 150 டாலருக்குள் வந்துவிட்டது.

எந்தப் புதிய இனத்துக்கும் இதுதான் கதி. முதலில் வரும் சில சிலந்திகளுக்குத்தான் பெரிய விலை. அந்தப் பணம் முதலில் கடத்திக்கொண்டு போனவருக்கும், முதலில் குஞ்சு எடுத்தவருக்கும் போய்விடும். கடைசியில் நுழைபவருக்கு மிஞ்சுவது காலி டப்பாதான்.

எதற்கு அதிக விலை?

* பெண் சிலந்தி: நாம் கிடேரிக் கன்றுக்குக் கூடுதல் விலை கொடுப்பதுபோலத்தான். நீலச் சிலந்தியில் பெண் 11, 12 வருடம் வாழும். ஆண் 3, 4 வருடம்தான். அதனால் பெண்ணுக்கு எப்போதும் விலை அதிகம். சிலந்தி சட்டை உரிக்கும்போது கழற்றிப் போடும் தோலைப் பார்த்து, அது ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பார்கள்.
* வளர்ந்த சிலந்தி: குஞ்சை விட, வருடக்கணக்கில் தீனி போட்டு வளர்த்த சிலந்திக்குப் பல மடங்கு விலை.
* நிறம்: நீலம், ஊதா, சிவப்பு என்று பளிச்சென்று இருந்தால் விலை கூடும். நம் தோப்பில் இருப்பவை பெரும்பாலும் மரப்பட்டையின் சாம்பல் நிறத்தில் கோலம் போட்டதுபோல இருக்கும்.
* புதுசு: மற்றவரிடம் இல்லாத இனம் என்றால் சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்குவார்கள். காட்டுக்கு ஆபத்து வருவது இந்த இடத்தில்தான். ஒரு சின்னக் காட்டில் மட்டும் வாழும் இனம் என்று செய்தி வெளியானால், மோப்பம் பிடித்து ஆள் வந்துவிடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மெக்சிகோ நாட்டின் செம்முட்டி டரான்டுலாவை வளர்ப்புப் பிராணியாக விற்க அள்ளிக்கொண்டு போனதால், 1985-ம் ஆண்டே அதைச் 'சைட்டிஸ்' பட்டியலில் சேர்த்தார்கள். அழியும் நிலையில் உள்ள உயிர்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் இது. இந்தப் பட்டியலில் உள்ள உயிரை முறையான அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது.

நம் பொசிலோதீரியா இனங்கள் அனைத்தும் 2019-ம் ஆண்டு இந்தப் பட்டியலுக்குள் வந்தன. இலங்கையும் அமெரிக்காவும் சேர்ந்து வைத்த கோரிக்கை அது. நம் நாட்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ம் ஆண்டு செய்த திருத்தம், சைட்டிஸ் பட்டியல் உயிரினங்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட உயிரினத்தை உயிரோடு வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்தாக வேண்டும். காப்புக்காட்டுக்குள் போய்ப் பிடித்தால் அது தனிக் குற்றம்.

'தபாலில் அனுப்பினால் யாருக்குத் தெரியும்' என்று நினைப்பவர்கள் இரண்டு சம்பவங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2010-ம் ஆண்டு ஜெர்மனிக்காரர் ஒருவர் அமெரிக்காவில் கைதானார். அவர் தபாலில் அனுப்பிய பெட்டிகளில் நூற்றுக்கணக்கான உயிருள்ள டரான்டுலாக்கள் இருந்தன. சிலவற்றை வண்ண உறிஞ்சுகுழாய்களுக்குள் அடைத்திருந்தார். பல நாடுகளுக்கு விற்றதில் அவருக்குக் கிடைத்தது சுமார் 3 லட்சம் டாலர் என்று அதிகாரிகள் கணக்குக் காட்டினார்கள்.

இரண்டாவது சம்பவம் நம் ஊரில் நடந்தது. 2021 ஜூலை மாதம், போலந்து நாட்டிலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த தபால் பார்சலைச் சென்னையில் சுங்கத்துறையினர் பிரித்தார்கள். தெர்மகோல் பெட்டிக்குள் 107 சின்ன பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் உயிரோடு ஒரு சிலந்தி!

இந்தப் பார்சல் வந்த திசையைக் கவனியுங்கள். ஐரோப்பாவில் குஞ்சு பொரித்து இங்கே அனுப்பும் அளவுக்கு அங்கே சிலந்திகள் பெருகிக்கிடக்கின்றன. இந்தச் சந்தையில் நம் புளியந்தோப்புச் சிலந்திக்கு 40,000 ரூபாய் யார் கொடுப்பார்கள்?

நமக்கு என்ன நஷ்டம்?

ஐந்நூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டுப் பொந்தில் கைவிட்டால், முதல் ஆபத்து கடி. இது நல்லபாம்பு போல உயிரைக் குடிக்கும் விஷம் அல்ல. ஆனால், இந்த வகைச் சிலந்தி கடித்தவர்களுக்குக் கடுமையான வலியும், கை கால் தசைகள் முறுக்கிப் பிடிக்கும் இழுப்பும் வந்திருக்கின்றன. கடித்துப் பல மணி நேரம் கழித்துக்கூட இழுப்பு வரலாம். தவிர, இது மின்னல் வேகத்தில் ஓடக்கூடியது.

இரண்டாவது, வழக்கு. பிடிபட்டால் பைக்கில் வந்தவர் போன் நம்பரை மாற்றிக்கொண்டு போய்விடுவார். தோப்புக்காரர் எங்கே போவார்?

மூன்றாவது, மரம். பொந்திலிருந்து சிலந்தியை எடுக்கப் பட்டையைப் பிளப்பார்கள், பொந்தை வெட்டிப் பெரிதாக்குவார்கள். தாத்தா காலத்துப் புளியமரத்தில் அந்தக் காயம் ஆறாது. வருடா வருடம் புளி கொடுக்கும் மரத்தை ஐந்நூறு ரூபாய்க்குக் கெடுத்துக்கொள்வது எந்த விதத்தில் லாபம்?

இலங்கையில் மாங்குளம் பகுதியில் கிடைத்த இனம் ஒன்றை 2013-ம் ஆண்டு அறிவித்தார்கள். காலை விரித்தால் 20 சென்டிமீட்டர் இருக்கும். அந்தச் சிலந்தி மரத்தில் மட்டும் அல்லாமல், மாங்குளம் மருத்துவமனையின் பழைய டாக்டர் குடியிருப்பிலும் இருந்தது. முதிர்ந்த மரங்கள் குறைந்துபோனதால்தான் பழைய கட்டடங்களுக்குள் நுழைகிறது என்று ஆய்வாளர்கள் விளக்கம் சொன்னார்கள். நம் பக்கமும் சாலை விரிவாக்கத்துக்கும் செங்கல் சூளைக்கும் பழைய புளியமரங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. மரம் போனால் சிலந்தி வீட்டுக்குள் வரும். தோப்பில் பூச்சி தின்றுகொண்டிருந்ததை வீட்டில் விளக்குமாற்றால் அடித்துக் கொல்வோம்.

வாசகர் கேள்விகள்

உரிமம் வாங்கிப் பண்ணை அமைத்து வளர்க்கலாமா?
தோப்பிலோ காட்டிலோ பிடித்த சிலந்தியை வைத்து ஏற்றுமதிப் பண்ணை நடத்த முடியாது. 'பண்ணை அமைத்துத் தருகிறோம், குஞ்சுகளை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்று முன்பணம் கேட்டு யாராவது வந்தால், ஈமு கோழியை நினைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுக்காதீர்கள்.

வீட்டுச் சுவரில் பெரிய சிலந்தி வந்தால் என்ன செய்வது?
கையால் தொட வேண்டாம். வாயகன்ற டப்பாவால் மூடி, அடியில் கெட்டி அட்டையை மெதுவாகச் செருகி எடுத்து, பக்கத்தில் உள்ள பெரிய மரத்தில் விட்டுவிடுங்கள். பயமாக இருந்தால் வனத்துறையினரைக் கூப்பிடுங்கள்.

கடித்துவிட்டால்?
சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கடிவாயைக் கீறுவது, இறுக்கிக் கட்டுவது வேண்டாம். அரசு மருத்துவமனைக்குப் போய், கடித்தது பெரிய சிலந்தி என்று சொல்லுங்கள். வலி குறைந்து வீட்டுக்கு வந்த பிறகு தசை இழுப்பு வந்தால் மறுபடியும் போகத் தயங்காதீர்கள்.

சிலந்தி கேட்டு ஆள் வந்தால்?
தோப்பைக் காட்ட வேண்டாம். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். ஆராய்ச்சிக்காக வந்திருக்கிறோம் என்றால் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். வெளிநாட்டவர் நம் உயிரினங்களை ஆராய்ச்சிக்காக எடுக்க, சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். உண்மையான ஆராய்ச்சியாளர் கடிதத்தோடுதான் வருவார்.

போன் செய்த ராமநாதபுரம் வாசகரிடம் இதையெல்லாம் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ பொந்தை அடைச்சுடலாமா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்றோம். அது பாட்டுக்கு அங்கே இருந்து பூச்சி தின்றுகொண்டு கிடக்கட்டும். புளி உலுக்கும்போது மட்டும் வெறுங்கையைப் பொந்தில் விடாதீர்கள்.