உஷார்! திடீரெனத் தட்டையாகும் கால் சுளுக்கு அல்ல

ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா? தொட்டால் மற்றக் காலைவிடச் சூடாக இருக்கிறதா? வலி மட்டும் அவ்வளவாக இல்லையா? சர்க்கரையும் இருக்கிறதா? அப்படியானால் இன்று கொழுந்து பறிக்கப் போகாதீர்கள். ஏலத்தோட்ட ஜீப்பில் ஏறாதீர்கள். அந்தக் காலைத் தரையில் ஊன்றவே ஊன்றாதீர்கள்!

மூணாறு, வண்டிப்பெரியாறு எஸ்டேட்டுகளானாலும் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வயல்களானாலும் நம் பிழைப்பு காலை நம்பித்தான். கால் வீங்கினால் சுளுக்கு என்று தைலம் போட்டு உருவி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, மறுநாளே வேலைக்குப் போய்விடுகிறோம். ஆபத்தே இங்குதான். பல வருடச் சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு எலும்பு உடைந்தாலும் தெரியாது. ஒத்தடம் சுட்டாலும் தெரியாது. நடக்க நடக்க மூட்டுகள் விலகும், உள்ளங்கால் வளைவு இடிந்து கீழே பிதுங்கும். பிதுங்கிய இடத்தில் புண் வரும். அது ஆறாமல் சீழ் பிடித்தால் காலையே எடுக்க நேரலாம். இதன் பெயர் சார்கோ பாதம்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாம் வாழும் கேரளாவில் 25.5 சதவீதம், நாலில் ஒருவருக்கு!

அறிகுறி தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதை நம்பித் திரும்பிவிடாதீர்கள். "சர்க்கரை இருக்கிறது, ஒரு கால் மட்டும் சுடுகிறது, சார்கோவா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சீக்கிரம் போனால் முழங்கால்வரை மாவுக்கட்டும் சில மாத ஓய்வும் பாதத்தைக் காப்பாற்றிவிடும். பிறகு எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு போட வேண்டும்.

சர்க்கரை இல்லாதவர்களும் கவனியுங்கள். நாற்பதைத் தாண்டியபின் உள்கணுக்காலில் வலி, ஒரு கால் மட்டும் தட்டையாவது, ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்க முடியாமல் போவது, இவை வளைவைத் தாங்கும் தசைநார் நைந்துவிட்டதன் அறிகுறிகளாக இருக்கலாம். ஆரம்பத்திலேயே ஓய்வும், வளைவைத் தாங்கும் செருப்பும், கெண்டைக்கால் பயிற்சியும் போதும். முற்றினால் அறுவை சிகிச்சை.

குழந்தையின் தட்டைப் பாதத்துக்கு மட்டும் பதறாதீர்கள். நுனிக்காலில் நிற்கும்போது வளைவு தெரிந்து, வலியும் இல்லையென்றால் சிகிச்சையே தேவையில்லை. மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2,300 குழந்தைகளைப் பார்த்து 1992-ல் எழுதினார்கள்: காலணி அணிந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதமே. வீட்டு முற்றத்தில் வெறுங்காலோடு ஓடட்டும். பாதம் விறைப்பாக இருந்தாலோ, வலித்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆனால் சர்க்கரை உள்ள பெரியவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்கக் கூடாது. தினமும் படுக்கும் முன் இரண்டு பாதங்களையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால், விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், காட்டுக்கு அல்ல.