சிகரெட் அட்டைப்பெட்டிக்குள் ஒளிந்திருந்த சாவி... 3,400 ஆண்டு மர்ம எழுத்தை நெருங்கிய ஆலிஸ் கோபர்!

1940-களின் நியூயார்க். புரூக்ளின் பகுதியில் ஒரு சாதாரண வீடு. கல்லூரியில் நாள் முழுக்க லத்தீன், கிரேக்கப் பாடங்கள் நடத்திவிட்டு வந்த பெண் ஒருவர், இரவில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து காகிதத்தைச் சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டிருக்கிறார். போர்க்காலம் என்பதால் காகிதத்துக்குத் தட்டுப்பாடு. பழைய வாழ்த்து அட்டை, தேவாலய அறிக்கை, நூலகச் சீட்டு என எது கிடைத்தாலும் வெட்டி, அதன் பின்பக்கத்தில் எழுதுகிறார். எழுதிய அட்டைகள் எல்லாம் காலி சிகரெட் அட்டைப்பெட்டிகளுக்குள் வரிசையாகப் போகின்றன.

இப்படிச் சேர்ந்த அட்டைகளின் எண்ணிக்கை சுமார் 1,80,000!

அந்தப் பெண்ணின் பெயர் ஆலிஸ் கோபர். அவர் துரத்திக்கொண்டிருந்தது, உலகில் ஒருவராலும் படிக்க முடியாத ஓர் எழுத்தை.

தீயில் பிழைத்த களிமண்

1900-ல் கிரேக்கத்தின் கிரீட் தீவில் உள்ள நாசஸ் என்ற இடத்தில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் தோண்ட ஆரம்பித்தார். பிரமாண்டமான அரண்மனை ஒன்று வெளிவந்தது. கூடவே, எழுத்துகள் கீறப்பட்ட களிமண் பலகைகளும் கிடைத்தன. அவை சூளையில் சுட்டவை அல்ல, வெறுமனே காயவைத்தவை. சாதாரணமாக மழையிலும் ஈரத்திலும் கரைந்து போயிருக்க வேண்டும். ஆனால், அரண்மனையை அழித்த தீயே அந்தப் பலகைகளைச் சுட்டுக் காப்பாற்றிவிட்டது.

அந்த எழுத்துக்கு எவன்ஸ் வைத்த பெயர், 'லீனியர் பி'. எகிப்திய எழுத்தைப் படிக்க ரொசெட்டா கல் உதவியது. தெரிந்த கிரேக்கத்திலும் தெரியாத எகிப்திய எழுத்துகளிலும் ஒரே செய்தி அதில் இருந்தது. லீனியர் பி-க்கு அப்படி ஒரு கல் கிடைக்கவில்லை. எழுத்தும் தெரியாது; அதற்குள் இருக்கும் மொழியும் தெரியாது.

போதாக்குறைக்கு, கிடைத்தவற்றில் சிறு பகுதியைத்தான் எவன்ஸ் வெளியிட்டிருந்தார். 1941-ல் அவர் இறந்தபோது பெரும்பாலானவை அச்சேறவே இல்லை. கோபர் கையில் இருந்தது சுமார் 200 பலகைகளின் வாசகங்கள் மட்டுமே.

"முதலில் எண்ணுவோம்!"

கோபர் 1906-ல் பிறந்தவர். பெற்றோர் ஹங்கேரியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, புரூக்ளின் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடங்களைப் பிரெய்லில் எடுத்துக் கொடுக்கும் வேலையையும் செய்தார். மீதமிருந்த நேரம்தான் லீனியர் பி-க்கு.

அந்தக் காலத்தில் இந்த எழுத்து என்ன மொழி என்று ஆளுக்கொரு ஊகம் சொன்னார்கள். முதலில் மொழியை முடிவு செய்துவிட்டு, பிறகு எழுத்தை அதற்குள் திணித்தார்கள். கோபர் அந்தப் பக்கமே போகவில்லை. ஒலி என்னவென்று தெரியாமல் ஒலி கொடுக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். எந்தக் குறி எத்தனை முறை வருகிறது, சொல்லின் முதலில் வருகிறதா, கடைசியில் வருகிறதா, எந்தக் குறிக்குப் பக்கத்தில் எது வருகிறது என்று ஒவ்வொன்றையும் எண்ணினார். அட்டைகளில் குறிப்பிட்ட இடங்களில் துளை போட்டுவைத்தார். சில அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், எந்தெந்தத் துளைகள் ஒத்துப்போகின்றன என்று தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலையை, கத்தரிக்கோலும் பேனாவும் வைத்துச் செய்தார்.

'மரத்தை, மரத்தில், மரத்தால்'

லீனியர் பி-யில் சுமார் 90 குறிகள் இருந்தன. ஆங்கிலம் போன்ற எழுத்துமுறைக்கு அது அதிகம். சீன எழுத்து போன்ற முறைக்கு மிகக் குறைவு. ஆக, ஒவ்வொரு குறியும் நம் உயிர்மெய் போல ஓர் அசையைக் குறிக்க வேண்டும். அதுவரை மற்றவர்களும் வந்திருந்தார்கள். அடுத்த படியைத்தான் கோபர் எடுத்து வைத்தார்.

சில சொற்கள் மூன்று மூன்றாக வருவதைக் கவனித்தார். தொடக்கம் ஒரே மாதிரி, கடைசி மட்டும் மாறியது. அதாவது, இந்த மொழியில் சொற்கள் விகுதி ஏற்று உருமாறுகின்றன.

இதைத் தமிழை வைத்தே எளிதாகப் புரிந்துகொள்ளலாம். மரத்தை, மரத்தில், மரத்தால் என்ற மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் தை, தி, தா மூன்றிலும் இருப்பது 'த்' என்ற ஒரே மெய்தான். உயிர் மட்டும் மாறுகிறது. தமிழில் அந்த உறவு எழுத்தின் வடிவத்திலேயே தெரிந்துவிடும். லீனியர் பி-யில் அப்படியில்லை. தை ஒரு வடிவம் என்றால், தி அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு வடிவம்.

ஆனாலும், சொல் உருமாறும் அந்தச் சந்திப்பில் வரும் குறிகளுக்கு ஒரே மெய் இருக்க வேண்டும் என்று கோபர் கணித்தார். அந்த மெய் த-வா, க-வா என்று அவருக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை! எது எதோடு உறவு என்பதுதான் முக்கியம். 1948-ல் 10 குறிகளை மட்டும் கட்டம் போட்டு, எவை ஒரே மெய், எவை ஒரே உயிர் என்று காட்டினார். அந்தச் சின்னக் கட்டம்தான் பூட்டின் சாவி ஆனது.

பட்டியல்களின் கடைசியில் வரும் 'மொத்தம்' என்ற சொல்லும் ஆண்களுக்கு ஒரு வடிவத்திலும் பெண்களுக்கு வேறு வடிவத்திலும் வருவதைக் காட்டினார். இந்த மொழியில் ஆண்பால், பெண்பால் வேறுபாடு உண்டு என்பது அதிலிருந்து உறுதியானது.

முடிக்காத வேலை

1947-ல் கோபர் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். எவன்ஸ் விட்டுச்சென்ற வாசகங்களைக் கையாலேயே நகல் எடுத்தார். அவற்றை நூலாக்கும் வேலையில் இருந்த முதியவர் ஜான் மையர்ஸுக்கும் உதவினார். தன் ஆராய்ச்சிக்கான நேரம் அதில் கரைந்தது.

பிறகு உடல்நிலை மோசமானது. 1950 மே 16-ம் தேதி ஆலிஸ் கோபர் இறந்தார். வயது 43.

இரண்டே ஆண்டுகளில், 1952 ஜூலை 1-ம் தேதி, பிபிசி வானொலியில் ஓர் இளைஞரின் குரல் ஒலித்தது. மைக்கேல் வென்ட்ரிஸ், தொழில்முறைத் தொல்லியலாளர் அல்ல, கட்டடக்கலைஞர். 14 வயதில் எவன்ஸை நேரில் பார்த்ததிலிருந்து இந்த எழுத்தின் மேல் பைத்தியமாக இருந்தவர். கோபருடன் கடிதத் தொடர்பிலும் இருந்தார். மற்ற ஆய்வாளர்களின் ஊகங்களைக் கேட்டு அவர் ஒருமுறை கேள்விப் பட்டியல் அனுப்பியபோது, 'இது வீண்வேலை' என்ற தொனியில் மறுத்துவிட்டார் கோபர்.

அதே கோபரின் முறையைத்தான் வென்ட்ரிஸ் விரிவாக்கினார். கூடவே, கோபர் செய்யாத ஒன்றையும் துணிந்து செய்தார். அந்த 'மூன்று சொற்கள்' கிரீட் தீவுப் பலகைகளில் மட்டுமே வருவதால், அவை உள்ளூர்ப் பெயர்களாக இருக்கலாம் என்று ஊகித்தார். நாசஸ், அம்னிசோஸ் என்ற பெயர்களைப் பொருத்தியதும் மற்றவை சரசரவென அவிழ்ந்தன. உள்ளே இருந்தது கிரேக்கம்! ஹோமரின் காலத்துக்கும் பல நூற்றாண்டுகள் மூத்த கிரேக்கம். அது கிரேக்கமாக இருக்கவே முடியாது என்று எவன்ஸ் கடைசிவரை நம்பியிருந்தார்.

கிரேக்கத்தின் பைலோஸில் கிடைத்த வேறொரு பலகை சந்தேகத்தைத் தீர்த்தது. அதில் மூன்று கால் பாத்திரத்தின் படம். பக்கத்தில் இருந்த சொல்லை வென்ட்ரிஸின் முறைப்படி படித்தால், 'தி-ரி-போ'. 'முக்காலி' என்று பொருள்!

பலகைகளில் காவியம் இல்லை. ராஜ ரகசியம் இல்லை. ஆடு எத்தனை, கம்பளி எவ்வளவு, எண்ணெய் யாருக்குக் கொடுத்தது என்ற அரண்மனைக் கணக்குதான். எழுதிய கணக்கர்களில் ஒருவர்கூடத் தன் பெயரைப் பதிவு செய்யவில்லை.

கோபரின் பெயரும் கிட்டத்தட்ட அப்படித்தான் மறைந்துபோனது. வென்ட்ரிஸோடு சேர்ந்து உழைத்த ஜான் சாட்விக், 1958-ல் எழுதிய நூலில் கோபரின் பங்கைச் சொன்னார். ஆனாலும் உலகம் கொண்டாடியது வென்ட்ரிஸை மட்டும்தான். 2013-ல் அமெரிக்க எழுத்தாளர் மார்கலிட் ஃபாக்ஸ், கோபரின் ஆவணங்களைப் படித்து விரிவான நூல் எழுதிய பிறகே அவர் பெயர் பரவலாகப் பேசப்பட்டது.

கோபரின் ஆவணங்கள் இப்போது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. நோட்டுப் புத்தகங்கள், கடிதங்கள்... கூடவே, அவர் ஒவ்வொன்றாக வெட்டி எழுதிய அந்த அட்டைகளும்.