சோப்புக்கு அங்கே வேலை இல்லை

பிரசவித்த பெண்களைக் காவு வாங்கிக்கொண்டிருந்த காய்ச்சலுக்குக் காரணம் தேடிய ஜெர்மன் மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன், யோனிச் சுரப்பை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ஆரோக்கியமான பெண்களிடம் குச்சி குச்சியாக பாக்டீரியாக்கள் மண்டிக் கிடந்தன. அவை லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, மற்ற கிருமிகளை அண்டவிடாமல் செய்வதை 1892-ல் அவர் எழுதி வெளியிட்டார்.

அந்தக் குச்சிகளை இன்று லாக்டோபேசில்லஸ் என்கிறோம். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்தான் இவற்றுக்குப் படியளக்கிறது. அது யோனிச் சுவரின் செல்களில் கிளைகோஜனைச் சேர்த்து வைக்கிறது. கிளைகோஜன் சர்க்கரையாக உடைய, பாக்டீரியாக்கள் அதைத் தின்று அமிலமாக்குகின்றன. அதனால் மாதவிடாய் வரும் வயதில் அங்கே பி.ஹெச். பொதுவாக 3.8 முதல் 4.5 வரை. ஏறக்குறைய புதுத் தயிரின் புளிப்பு. (அதற்காகத் தயிரை எடுத்துத் தடவ வேண்டாம்!) இந்தக் கணக்கில் ஓர் எண் ஏறினால் அமிலத்தன்மை பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். பூப்படையும் முன்பும், மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் குறைவு என்பதால் அளவு 4.5-ஐத் தாண்டி நிற்பது இயல்பு.

மாதவிடாய் ரத்தமும் விந்தும் காரத்தன்மை உள்ளவை. அவற்றால் பி.ஹெச். கொஞ்ச நேரம் ஏறும்; பிறகு தானாக இறங்கும். கெடுப்பது பெரும்பாலும் நம் கைதான். 1930-களின் அமெரிக்கப் பத்திரிகைகளில், 'உள்ளே கழுவாத மனைவியைக் கணவனுக்குப் பிடிக்காது' என்ற தொனியில் லைசால் விளம்பரங்கள் வந்தன. ஆம், தரை துடைக்கும் அதே லைசால்தான்! இன்று பாட்டில் மாறி, வாசனை சேர்ந்திருக்கிறது, மிரட்டல் மாறவில்லை. யோனி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். வெளிப்புறத்துக்குத் தண்ணீர் போதும்.

லாக்டோபேசில்லஸ் குறைந்து வேறு பாக்டீரியாக்கள் பெருகினால், அது பாக்டீரியல் வஜைனோசிஸ். சாம்பல் வெள்ளையில் நீர்த்த கசிவு, மீன் கவிச்சி வாடை. டாக்டர் யோனியின் பக்கச் சுவரில் பஞ்சுக்குச்சியால் ஒற்றி, பி.ஹெச். தாளில் தேய்ப்பார். தாளின் நிறம் 4.5-க்கு மேல் காட்டினால் சந்தேகம் வலுக்கும். அந்தக் கசிவில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் கவிச்சி குப்பென்று கிளம்பும். 1983 முதல் புழக்கத்தில் உள்ள ஆம்செல் முறை இது. இவை உட்பட நான்கு அடையாளங்களில் மூன்று இருந்தால் நோய் உறுதி.

தயிர்த் திப்பியாகப் படும், அரிப்பெடுக்கும் பூஞ்சைத் தொற்றிலோ பி.ஹெச். பெரும்பாலும் மாறாது. பூஞ்சைக்கான க்ரீம் வஜைனோசிஸுக்குக் கேட்காது. 'எல்லாம் உடம்புச் சூடு' என்று இரண்டையும் ஒரே கணக்கில் எழுதும்போது வீணாவது காலம்தான். கர்ப்ப காலத்தில் வஜைனோசிஸ் இருந்தால் குறைப்பிரசவ ஆபத்து கூடும், ஹெச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பும் கூடும்.

மாத்திரையில் குணமாகி, சில வாரங்களில் திரும்ப வருவதுதான் இந்த நோயின் பெரிய தொல்லை. பழி வழக்கம்போலப் பெண்ணின் 'சுத்தக்குறைவு' மீதே விழும். 2025-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 164 ஜோடிகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு வெளியானது. ஒரு பிரிவில் பெண்ணுக்கு மட்டும் சிகிச்சை. மற்றதில் ஆணுக்கும் ஒரு வாரம் மாத்திரையும் பூசும் க்ரீமும். 12 வாரங்களுக்குள் முதல் பிரிவில் 63 சதவீதப் பெண்களுக்கு நோய் திரும்பியது. இரண்டாவதில் 35 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

நிறமும் வாடையும் மாறாத லேசான வெள்ளைப்படுதல் நோயல்ல. மாறினால், மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக க்ரீம் வாங்காமல் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். திரும்பத் திரும்ப வந்தால் கணவரையும் உடன் அழைத்துப் போய், "இவருக்கும் மருந்து வேணுமா டாக்டர்?" என்று கேளுங்கள்.