பாசறையில் வளர்ந்த பிள்ளைகள்

“ஏனுங் மாமா, வெளையாடற வயசுல புள்ளைங்களுக்கு வாளையும் வேலையும் குடுத்துப் பழக்கறாங்களே, அதுங்ககிட்ட யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் தங்கை மகள், கலைஞர் மு. கருணாநிதியின் ‘பொன்னர் சங்கர்’ நாவலில் பாதி வந்த நிலையில் கேட்டது இது. பீளமேட்டில் ஒரு பேக்கரி, ஆளுக்கு ஒரு டீ, நடுவில் ஒரு தேங்காய் பன். கூட வந்த தோழிக்கோ அந்தப் பயிற்சிப் பக்கங்கள்தான் புத்தகத்திலேயே ரொம்பப் பிடித்த இடம். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நாவலுக்கு மூலமான அண்ணன்மார் கதை கொங்குப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். பங்காளிப் பகை. பிறந்த உடனே ஆண் வாரிசுகளை அழித்துவிடத் துடிக்கிற எதிரிகள். இரட்டைப் பிள்ளைகளான பொன்னரையும் சங்கரையும் ஒளித்து வளர்க்க வேண்டிய கட்டாயம். நாவலில் அவர்களை ஆளாக்குகிறவர் ஆசான் ராக்கியண்ணன். பெற்றவர்கள் யாரென்று தெரியாமலே அவருடைய பாசறையில் வளர்கிறார்கள்.

உடுக்கை அடித்துப் பாடுகிறவர்கள் சொல்லும் கதையில் அழுத்தம் வேறு இடத்தில் விழும். மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக், காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தபோது, 1965-இல் இந்தக் கதையைப் பாடவைத்து ஒலிநாடாவில் பதிவு செய்தார். அந்தப் பாட்டில் பிள்ளைகளின் பலத்துக்கு வேர், தாய் தாமரை இருந்த தவமும் சிவன் கொடுத்த வரமும்தான். சங்கர் பீமனின் மறுபிறவி. விடிய விடியக் கேட்டுக்கொண்டிருக்கும் சனம், ‘இவன் எங்கே வாள் பழகினான்?’ என்று கேட்காது; அது சாமி கதை. நாவல் படிக்கிறவர் கேட்பார். வரத்தின் இடத்தில் வியர்வையை வைத்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். அதனால்தான் சரித்திர நாவல்களில் பாசறை இத்தனை இடம் பிடிக்கிறது.

அப்படியானால் கடுமை வெறும் எழுத்து உத்திதானா? இல்லை. சிலம்பம் பழகும் இடத்தில் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தால் தெரியும். புதிதாக வந்த பிள்ளைக்குக் கம்பு எடுத்த எடுப்பில் கிடைக்காது. முதலில் காலடி. முன்னால், பின்னால், பக்கவாட்டில், திரும்பி என்று வெறுங்கையோடு மண்ணில் கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கால் சரியாக நிற்காமல் கம்பைச் சுழற்றினால் அது தன் கணுக்காலையே பதம் பார்க்கும். கையில் வருகிற கம்பும் அவரவர் புருவ உயரம்தான். பயந்தால் நெஞ்சு படபடக்கும், விரல் நடுங்கும், யோசனை நின்றுபோகும். அந்த நேரத்திலும் கால் தானாகத் தன் இடத்துக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் சலிக்கச் சலிக்க அதையே செய்யச் சொல்கிறார் வாத்தியார். இந்தக் கடுமைக்கு ஒரு கணக்கு உண்டு. நேற்றைவிட இன்று ஒரு படி கூட, அவ்வளவுதான்.

கணக்கில்லாத கடுமையும் உண்டு. அமெரிக்காவில் தெற்குக் கரோலினாவின் பாரிஸ் ஐலண்ட் மரீன் முகாமில், 1956 ஏப்ரல் 8-ஆம் தேதி இரவு, ஒழுங்கு கற்றுத் தருகிறேன் என்று ஒரு பயிற்சியாளர் புதிய வீரர்களை ரிப்பன் கிரீக் என்ற கழிமுகச் சேற்றுக்குள் நடத்திப் போனார். 6 பேர் மூழ்கி இறந்தார்கள். ராணுவ நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது, பயிற்சியாளர்கள் மேல் கண்காணிப்பு கூடியது. இன்றும் அங்கே பயிற்சி கடினமானதுதான். அந்த 6 பேரின் சாவினால் யாரும் நல்ல வீரர் ஆகிவிடவில்லை.

பயிற்சிப் பக்கங்களை ரசித்த தோழிக்குப் பழைய கிரேக்கத்து ஸ்பார்ட்டாவைச் சொன்னேன். அங்கே ஆர்ட்டெமிஸ் ஆர்த்தியா கோயிலில் சிறுவர்களைச் சாட்டையால் அடிப்பது ஒரு சடங்கு. ரோமானியர் ஆட்சிக் காலத்தில், ஸ்பார்ட்டா தன் பலமெல்லாம் இழந்த பிறகு, வெளியூர்க்காரர்கள் அதைப் பார்க்கவென்றே வந்தார்கள். கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் கோயில் முன்னால் பார்வையாளர் அரங்கமே கட்டினார்கள். பிள்ளைகள் அடிபடுவதைப் படிக்கும்போது நமக்குள் கிளம்பும் விறுவிறுப்பைக் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும் என்பதே என் கட்சி. அந்தப் பெண் கோபப்படாமல் கேட்டுக்கொண்டாள்.

மருமகளின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவள் கேட்டது தண்டாலையோ தழும்பையோ பற்றி அல்ல. ‘கேட்டாங்களா’ என்றுதான் கேட்டாள். யாரும் கேட்கவில்லை, கண்ணு. அறச்சலூர்ப் பக்கம் ஓடாநிலையில் தீரன் சின்னமலை படை திரட்டியபோது, அதில் சேர்ந்தவர்களுக்குக் கும்பினியோடுதான் சண்டை என்பது தெரியும். 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்குமேடை ஏறிய சின்னமலைக்கும் தான் எதற்காகச் சாகிறோம் என்பது தெரியும். பொன்னருக்கும் சங்கருக்கும் அப்படி இல்லை. தாங்கள் யார் என்பதே தெரியாத வயதில், பெரியவர்களின் பகைக்காக அவர்களைத் தயார் செய்கிறார்கள். ஒளித்து வைத்ததால்தான் உயிர் தப்பினார்கள் என்பது உண்மை. ஆனாலும் அந்த மௌனம்தான் பாசறையிலேயே கடுமையான பயிற்சி என்பேன். வாள் பிடித்துக் காய்த்த கை அதற்கு முன்னால் பெரிய விஷயமே இல்லை.

நம் சனமும் இந்தக் கதையில் பயிற்சியைக் கொண்டாடவில்லை. இந்தக் கதையோடு சேர்ந்த பெரியகாண்டியம்மனுக்கு மணப்பாறைப் பக்கம் வீரப்பூரில் மாசித் திருவிழா நடக்கிறது. ஊர்களில், அண்ணன்மார் களத்தில் விழுந்ததை நடித்துக் காட்டும் படுகளம் நடக்கும்போது இளவட்டங்கள் செத்தவர்களைப் போல வரிசையாகத் தரையில் கிடப்பார்கள். உடுக்கைச் சத்தம் ஏறும். அண்ணன்மாரைத் தேடி வரும் தங்கை அழுது, தெய்வத்திடம் மன்றாடி, தீர்த்தம் தெளித்து எழுப்ப வேண்டும். இத்தனை பழகிய வீரர்களும் கடைசியில் களத்தில் சாகத்தான் செய்கிறார்கள். எழுப்புகிற வேலை, வாள் பழகாத தங்கையின் தலையில் விழுகிறது.

மிச்சப் பாதியைப் படிக்கும்போது பொன்னரையும் சங்கரையும் ஒரே ஆளாக நினைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். ஒரே ஆசான், ஒரே பாசறை. அப்படியும் ஒருவன் நிதானம், ஒருவன் ஆவேசம். அது எதனால் என்பதை அவள் படித்து முடித்ததும் பேசுவோம்.