ஒரே கேள்விக்கு ஏன் வேறு வேறு பதில்?

சாட்ஜிபிடியிடம் ஒரு பூவின் பெயர் கேட்டால், ஒருமுறை மல்லிகை என்று சொல்லும், இன்னொருமுறை தாமரை. கேள்வி மாறவில்லையே, தேர்ந்தெடுப்பது யார்? அதற்கென்று சுயவிருப்பம் இருக்கிறதா?

அடுத்து வரக்கூடிய ஒவ்வொரு சொல்துண்டுக்கும் சாட்ஜிபிடியின் மொழி மாடல் ஒரு நிகழ்தகவைக் கணக்கிடுகிறது. மல்லிகைக்கு 40 சதவீதம், தாமரைக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். பிறகு அந்த விகிதப்படி ஒரு குலுக்கல். 'டெம்பரேச்சர்' என்றொரு அளவு உண்டு (வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). அதைக் கூட்டினால் பின்தங்கிய சொற்களுக்கும் வாய்ப்புக் கூடும். பூஜ்ஜியத்துக்கு இறக்கினால் முதலிடத்தில் இருப்பதே வரும். விருப்பம்போல் தெரிந்ததும் அத்தோடு போய்விடும். அந்தக் குலுக்கல்கூடப் பெரும்பாலும் அசல் தற்செயல் அல்ல, ஒரு தொடக்க எண்ணை வைத்துச் சூத்திரம் போட்டு வரவழைப்பது.

தற்செயலைச் சேர்த்த கணினிக்குச் சுயவிருப்பம் இருப்பதாகச் சிலர் சொல்வதை கணினி முன்னோடி ஆலன் டூரிங் 1950ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே குறிப்பிட்டு, தான் அப்படிச் சொல்ல மாட்டேன் என்று விலகிக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், மறு ஆண்டு மான்செஸ்டருக்கு வந்த ஃபெராண்டி மார்க் 1 கணினியில், மின் இரைச்சலிலிருந்து தற்செயல் எண்களை எடுக்கும் வசதி இருந்தது அவர் யோசனையால்தான்.

நானும் டூரிங் பக்கம்தான். தாயம் விழுந்தால் கட்டையைப் பாராட்டுவோமா? குலுக்கலைவிட, மல்லிகைக்கு அந்த 40 எப்படி வந்தது என்பதுதான் சுவாரசியம். மனிதர்கள் எழுதிக் குவித்ததைப் படித்துப் படித்து உருவான சாய்வு அது. நம் விருப்பங்களும் வளர்ப்பிலும் பழக்கத்திலும் உருவானவைதானே என்று யாராவது மடக்கினால், எளிதில் பதில் சொல்ல முடியாது. மல்லிகை என்று சொல்லும் இயந்திரத்துக்கு உள்ளே ஏதாவது மணக்கிறதா என்பது வேறு கேள்வி. டெம்பரேச்சரை எவ்வளவு திருகினாலும் அதற்கு விடை வராது.